டோம்பிவிலிக்கு வந்து ஏழு மாதம்: இந்த ஊர் எப்போது என் ஊராகும்?

அரசலாறு எழுதியது:

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், இன்று முதல் முறையாக எழுதுகிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரையில் ஒரு கிராமம் எனக்கு. ஏப்ரலில் கல்யாணமாகி மும்பைக்குப் பக்கத்திலுள்ள டோம்பிவிலிக்கு வந்தேன். கணவருக்குத் தானேயில் வேலை. ஜூலையில் எனக்கும் முலுண்டில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது.

பணக் கஷ்டம் இல்லை. கணவர் அன்பானவர். வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது. இதுதான் குறை என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாததால் அம்மாவிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

ஊரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஐந்து நிமிட நடை. அதற்குள் ஏழெட்டுப் பேர் கேட்டுவிடுவார்கள். "என்ன, காலையிலேயே கிளம்பிவிட்டாய்?" "அப்பாவுக்குக் கால்வலி தேவலாமா?" "நேற்று ஏன் காணோம்?" கல்லூரிக்குப் போன நாட்களில் இந்தக் கேள்விகளுக்குத் தப்பிக்க வாய்க்கால் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

போன மாதம் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தேன். பத்தாம் நாள் ரயிலேறினேன். அதே வண்டி, அதே மகளிர் பெட்டி, மூன்று மாதமாகத் தினமும் பார்க்கும் அதே முகங்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் மாடியில் நான்கு வீடுகள். அங்கேயும் அப்படித்தான். முலுண்டில் இறங்கி, நடைமேடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நாள் நான் இல்லாததால் இந்த ஊரில் ஒரு துரும்புகூட அசையவில்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது.

வெளியூர் போய் வேரூன்றியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த ஊர் உங்கள் ஊரானது எப்போது? ஆயிற்றா?

---

நேர்வழி எழுதியது:

சகோதரி, கடுமையாக எழுதுவதாக நினைக்காதீர்கள். பெங்களூர், புனே, மும்பை என்று இருபத்திரண்டு ஆண்டுகள் வெளியூரில் இருப்பவன் நான். ஊரை விட்டு வந்தது நாமாக எடுத்த முடிவு. நகரத்துக்குச் சம்பாதிக்க வருகிறோம், உறவு கொண்டாட அல்ல. யாரும் கேட்கவில்லை என்பதைக் குறையாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அதுதான் சுதந்திரம். நான் எத்தனை மணிக்கு வருகிறேன், யாரோடு பேசுகிறேன் என்று கேட்க ஆளில்லாத இடத்தில்தான் நிம்மதியாகத் தூங்கினேன். எதிர்பார்ப்பதை நிறுத்துங்கள், பாதி துன்பம் போய்விடும்.

---

தொண்ணூறடிச் சாலை எழுதியது:

நேர்வழி ஐயா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் காய்ச்சலில் கிடந்து எழுந்த பெண்ணுக்கு அது மருந்தாகாது.

தங்கச்சி, நான் தாராவியில் பிறந்தவன். தாத்தா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் இங்கே தோல் தொழிலுக்கு வரத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அவர்கள் புது ஊரைத் தேடிப் போகவில்லை, தங்கள் ஊரையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பொங்கலன்று தொண்ணூறடிச் சாலைக்கு வந்து பாருங்கள். நடுச்சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கல் வைப்பார்கள். விடிவதற்கு முன்பே சந்துகளில் இட்லிப் பானைகள் ஆவி பறக்கும். சைக்கிளில் இட்லி கட்டிக்கொண்டு நகரமெங்கும் போகிறவர்களில் பலரும் எங்கள் ஆட்கள்தான்.

எங்கள் ஆச்சி அறுபது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தாள். மராத்தியில் நான்கைந்து சொற்களுக்கு மேல் பேசியதில்லை. தேவைப்படவில்லை. உப்பு வாங்குவதும் தமிழில், ஒப்பாரி வைப்பதும் தமிழில். அப்படியும் கடைசிக் காலத்தில் "என்னை ஊருக்குக் கொண்டுபோய்விடு" என்று ஒரே பிடிவாதம். தாதரில் திருநெல்வேலி வண்டி ஏற்றி அழைத்துப் போனோம். அங்கே போய் இருபது நாளில், "எப்போது வீட்டுக்குப் போகிறோம்?" என்று கேட்டாள். வீடு என்று அவள் சொன்னது தாராவியின் பத்துக்குப் பத்து அறையை. அது அவளுக்கே எப்போது வீடானது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

தமிழர்கள் இருக்கும் இடத்தை முதலில் தேடிப் பிடியுங்கள். டோம்பிவிலியிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். வயிறும் காதும் நிறைந்தால் மனம் தானாக அடங்கும்.

---

மேலவீதி எழுதியது:

நம் ஆட்களைத் தேடிப் பிடித்தால் போதும் என்ற கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. என் கதையைச் சொன்னால் காரணம் புரியும்.

தஞ்சாவூரில் பிறந்தேன். வீட்டில் மராத்தி. சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர் வெங்கோஜி 1670-களில் தஞ்சையைப் பிடித்தபோது, அவரோடும் அவருக்குப் பின்னும் வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காவிரித் தண்ணீர் குடித்தும் தெருவில் எங்களை "ராவ் வீட்டுக்காரர்கள்" என்றுதான் சொல்வார்கள். பகையோடு அல்ல, அடையாளத்துக்காக. ஆனாலும் சிறு வயதில் எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. எங்களுக்கு வேறொரு ஊர் இருக்கிறது, அங்கே போனால் இந்த "ராவ் வீடு" என்ற ஒட்டு இல்லாமல் சும்மா மனிதனாக இருக்கலாம்.

1998-இல் வேலை கிடைத்து மும்பைக்கு வந்தேன். முதல் நாள் தாதரில் காய்கறிக்காரரிடம் என் வீட்டு மராத்தியில் விலை கேட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு மிக மெதுவாக, காது கேளாதவரிடம் பேசுவதுபோல, இந்தியில் விலை சொன்னார். எங்கள் மராத்தி பாதி பழைய சொல், மீதி தமிழ் இழுப்பு. அலுவலகத்தில் நான் வாய் திறந்தாலே சிரிப்பார்கள். தாய்மொழி பேசும் ஊரில்தான் நான் முதல் முறையாக முழு அந்நியன் ஆனேன். தஞ்சாவூர்க்காரன் என்பதே அங்கேதான் எனக்கு உறைத்தது. எனவே மொழி ஒன்றானால் ஊர் நம்முடையதாகிவிடும் என்று நான் நம்பவில்லை.

பிறகு எப்படி ஒட்டினேன் என்றால், ஜால்ராவால். காலை வண்டியில் எங்கள் பெட்டியில் ஒரு பஜனைக் குழு உண்டு. தாளமும் டோலக்கும் வைத்துக்கொண்டு அபங்கம் என்னும் மராத்தி பக்திப் பாடல்களைப் பாடிக்கொண்டே போவார்கள். துக்காராமின் அபங்கங்கள் தஞ்சாவூர், கும்பகோணம் பஜனை மடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்படுபவை. எனக்கு அப்பா பாடிக் கேட்ட மனப்பாடம். ஒரு நாள் கூட்டத்தில் நசுங்கி நின்றபடியே நானும் சேர்ந்து பாடிவிட்டேன். டோலக் வாசித்தவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் ஒரு ஜோடி ஜால்ராவை வாங்கி என் கையில் திணித்தார். பதினாறு ஆண்டுகள் அதைத் தட்டினேன்.

அவர்களிடம்தான் பெரிய கோயிலைப் பற்றிச் சொன்னேன். இரண்டாம் சரபோஜி 1803-இல் சிவாஜியின் போன்ஸ்லே வம்ச வரலாற்றை அங்கே கல்லில் மராத்தியில் வெட்டி வைத்திருக்கிறார் என்றபோது பெட்டியே அமைதியாகிவிட்டது. "தமிழ்நாட்டுக் கோயில் சுவரிலா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடுத்த ஆண்டு ஆறு பேர் என்னோடு தஞ்சாவூருக்கு வந்தார்கள்.

அரசலாறு, ஒன்றைக் கவனித்தீர்களா? மராத்தியில் விடைபெறும்போது "போகிறேன்" என்று சொல்வதில்லை. ஆண் "யேதோ" என்பான், பெண் "யேதே" என்பாள். வருகிறேன் என்று பொருள். நம் வீட்டு வாசலில் நாம் சொல்வது அதுவேதான். அக்காவுக்கு "தாயி". அம்மாவுக்கு "ஆயி". உங்கள் மாடியில் இருக்கும் மூத்த பெண்மணியை நாளைக்கு "தாயி" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

---

முலுண்டு மாமி எழுதியது:

குழந்தே, நீ உட்கார்ந்து அழுத நடைமேடைக்குப் பத்து நிமிட நடையில் என் வீடு. அதை நினைத்து இன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு எழுபது வயது. மன்னார்குடியிலிருந்து 1977-இல் வந்தேன். வங்கி வேலைக்காக முப்பத்தோரு ஆண்டுகள் முலுண்டிலிருந்து வி.டி. என்கிற விக்டோரியா டெர்மினஸ் நிலையத்துக்குப் போய் வந்தவள். நிலையத்தின் பெயர் இரண்டு முறை மாறிவிட்டது, என் வாயில் இன்னும் வி.டி.தான். ரயில் பெட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

அந்தப் பெண்கள் உன்னைக் கவனிக்கவில்லை என்று முடிவு கட்டாதே. கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு பிடி வேண்டும், அதை நீ இன்னும் கொடுக்கவில்லை. மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்காவது ஆளுக்கு நகர்ந்து இடம் கொடுப்பது இங்கே எழுதாத சட்டம். நீ நகர்ந்து கொடுக்கிறாயா? ஏறியதும் உட்கார்ந்திருப்பவரிடம் "குடே உதர்ணார்?" என்று கேட்கிறாயா? எங்கே இறங்குவீர்கள் என்று பொருள். அவர் தானே என்றால் தானேயிலிருந்து அந்த இடம் உன்னுடையது. வேறு யார் வந்தாலும் அவரே "இது இவளுக்கு" என்று சொல்லிவிடுவார். என் முதல் சிநேகிதி அப்படிக் கிடைத்தவள்தான். ஓராண்டு முழுக்க எங்களுக்குள் "எங்கே இறங்குவீர்கள்?" தவிர வேறு பேச்சில்லை. பிறகு அவளுடைய மகள் கல்யாணத்துக்கு நான் மெகந்தி வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரே பெட்டி, ஒரே கதவு, ஒரே பக்கம். இடம் மாறாதே. தசராவுக்கு முன் வரும் நவமியன்று பெட்டிக்குத் தோரணம் கட்டிப் பூஜை செய்வார்களே, அதற்குக் காசு வசூலித்தார்களா? உன்னிடம் கேட்டார்களா?

---

அரசலாறு எழுதியது:

மாமி, வசூலித்தார்கள். என்னிடம் கேட்கவில்லை. காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். இப்போது யோசித்தால், அவர்கள் எப்படிக் கேட்டிருக்க முடியும்?

நேர்வழி ஐயா, நீங்கள் சொன்ன சுதந்திரம் முதல் இரண்டு மாதம் எனக்கும் இருந்தது. வாய்க்கால் கரையில் ஒளிந்து நடந்தவள்தானே நான்.

---

காயல் காற்று எழுதியது:

எல்லோருமே "நீ கொஞ்சம் முயற்சி செய், ஊர் உன்னை ஏற்றுக்கொள்ளும்" என்கிற பாட்டையே பாடுகிறீர்கள். உங்கள் அனுபவம் உண்மையாக இருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் கதவு அந்த அளவு திறந்திருப்பதில்லை. அதையும் இந்த இழையில் யாராவது எழுத வேண்டும்.

நான் காயல்பட்டினத்துப் பெண். எங்கள் ஊரில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உம்மா, கண்ணும்மா, பெரியம்மா, அக்காமார் எல்லாம் கூப்பிடு தூரத்தில். எங்கள் ஊர்ச் சந்துகள் பெண்கள் நடப்பதற்கென்றே இருப்பவை. அப்படி வளர்ந்தவள், கணவரின் வியாபாரத்துக்காக மும்பைக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்குப் பின் ஊரைத் தாண்டிய முதல் பெண் நான்.

வீடு தேடினோம். பதினொரு வீடு. தொலைபேசியில் எல்லாம் சரி. பெயரைச் சொன்னதும் "இப்போதுதான் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்." இரண்டு இடத்தில் மீன் சமைப்பீர்களா என்றார்கள். ஓர் இடத்தில் எதையும் மறைக்காமல் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். அவர் ஒருவர்தான் எங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. கடைசியில் மும்ப்ராவுக்கு வந்தோம். 1992, 93 கலவரத்துக்குப் பிறகு நகரத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள் வந்து நிறைந்த ஊர். நாங்கள் தேர்ந்தெடுத்த ஊரல்ல, எங்களுக்கு மிஞ்சிய ஊர்.

அரசலாறு, டோம்பிவிலிக்குப் போகும் உங்கள் வண்டி தினமும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறது.

---

அரசலாறு எழுதியது:

அக்கா, இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்களுக்குப் பார்த்த இரண்டாவது வீடே அமைந்துவிட்டது. அது எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். பெயரால் அமைந்தது என்று தோன்றவே இல்லை. மும்ப்ராவை வண்டி தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம். இனி மூட மாட்டேன்.

கேட்கலாமென்றால் கேட்கிறேன், இப்போது அங்கே உங்களுக்கு எப்படி இருக்கிறது?

---

காயல் காற்று எழுதியது:

கேட்டதற்குச் சந்தோஷம். யாரும் இதுவரை கேட்டதில்லை.

முதல் ரமலான் மிகவும் கஷ்டமாக இருந்தது. இங்கே நோன்பு திறக்கப் பழம், பஜ்ஜி, சர்பத் எல்லாம் உண்டு. கஞ்சி கிடையாது. நோன்புக் கஞ்சி நம் பக்கத்து வழக்கம் என்பதே இங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாம் நோன்பன்று தாங்க முடியாமல், அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு பானை காய்ச்சினேன். இரண்டு பேருக்குக் காய்ச்சக் கை வரவில்லை, பானை நிறைந்துவிட்டது. மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக் கொங்கணி அம்மாவுக்குக் கொடுத்தேன். அவர்கள் ரத்னகிரிப் பக்கத்துக்காரர்கள். அரிசியும் மீனும் தேங்காயுமாக அவர்கள் சமையலறை வாசனை எங்கள் ஊரைப் போலவே இருக்கும்.

மறுநாள் மாலை கதவு தட்டப்பட்டது. நான்கு குழந்தைகள், ஆளுக்கொரு தூக்குடன். "அம்மா கஞ்சி வாங்கி வரச் சொன்னார்கள்." நான் காய்ச்சவே இல்லை. அன்று அவர்களை நிற்க வைத்துக் காய்ச்சிக் கொடுத்தேன்.

ஆறு ரமலான் ஆகிவிட்டது. இப்போது முப்பது வீட்டுக்குக் காய்ச்சுகிறோம். அரிசி ஒரு வீடு, தேங்காய் ஒரு வீடு. என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, நான் "கஞ்சிவாலி பாபி", கஞ்சிக்கார அண்ணி. அந்தப் பதினொரு வீட்டை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனால் மும்ப்ரா என் ஊர். இரண்டும் சேர்ந்தேதான் எனக்குள் இருக்கின்றன.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

இந்த இழையில் மத அடிப்படையில் வசை எழுதிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். உரையாடல் தொடரட்டும்.

---

அம்பாசமுத்திரம் எழுதியது:

டோம்பிவிலியில் இருபத்தொன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, பணி ஓய்வு பெற்று, நான்கு ஆண்டுகளாகச் சொந்த ஊரில் இருக்கிறேன். கனவு கண்டது இதைத்தான். தாமிரபரணியில் தினமும் குளியல், ஓட்டு வீடு, திண்ணை.

நான்கு ஆண்டுகளாகியும் தெருவில் என்னிடம் கேட்கும் கேள்வி, "எப்போது வந்தீர்கள்? எத்தனை நாள் இருப்பீர்கள்?" நான் விருந்தாளி. என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் இல்லை. இருப்பவர்கள் பேசும் கதைகள் நான் இல்லாத இருபத்தொன்பது ஆண்டுகளில் நடந்தவை.

போன வாரம் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான் பழக்கத்தில் நகர்ந்து, "உட்காருங்கள்" என்று கையைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்தவர் முறைத்தார். முலுண்டு மாமி எழுதிய நான்காவது இருக்கையைப் படித்தபோது அது நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது. இன்னும் காலை நான்கே முக்காலுக்கு விழித்துக்கொள்கிறேன்.

---

நேர்வழி எழுதியது:

இந்த இழையைத் தினமும் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் முதலில் எழுதியதை இன்றும் மறுக்கவில்லை. கேள்வி கேட்காத ஊர் எனக்கு நிம்மதிதான். ஆனால் நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாள். மரோலில் அலுவலகம், செம்பூரில் அறை. ரயில் இல்லை, பஸ் இல்லை, தொலைபேசி இல்லை. மாலை ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்கினேன். சாக்கிநாக்கா தாண்டும்போது தண்ணீர் மார்பு வரை. சாலையில் வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பள்ளம் எங்கே, மூடியில்லாத சாக்கடை எங்கே என்று சொல்லிச் சொல்லி எங்களைக் கடத்தினார்கள். அவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது.

அசல்பா மேட்டில் ஏறியபோது இரவு பத்து மணி இருக்கும். நடுங்கிக்கொண்டு ஒரு வாசல்படியில் உட்கார்ந்தேன். கதவு திறந்தது. ஒரே அறை. உள்ளே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர், எல்லோரும் என்னைப்போல் வழியில் வந்தவர்கள். அந்த வீட்டு அம்மா எனக்குத் தன் கணவரின் உலர்ந்த லுங்கியைக் கொடுத்தார். பருப்பும் சோறும். அதில் எண்ணெயில் வதக்கிய ஒரு பச்சை மிளகாய். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை. என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. காலையில் மழை குறைந்ததும் என் ஈர உடையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். லுங்கியை மடித்து வைத்தேனா என்றுகூட நினைவில்லை.

திரும்பப் போய்ப் பார்க்கவே இல்லை. போக வேண்டும் என்று நினைத்தேன். மாதங்கள் போயின, பிறகு வெட்கமாகிவிட்டது. 2014-இல் மெட்ரோ வந்தது. அசல்பா நிலையத்தை வண்டி தாண்டும்போது மேட்டில் அடுக்கடுக்காக வீடுகள் தெரியும். எந்த வீடு என்று தேடுவேன். அந்த ஊர் என்னை உள்ளே அழைத்து உட்கார வைத்தது. நான்தான் ஒரு முறைகூடத் திரும்பிப் போகவில்லை.

---

மேலவீதி எழுதியது:

ஐயா, ஞாயிற்றுக்கிழமை நான் ஓய்வாக இருக்கிறேன். அசல்பாவில் இறங்கிச் சேர்ந்து தேடுவோமா? என் மராத்தி இப்போது காய்கறிக்காரருக்குப் புரிகிறது.

---

அரசலாறு எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

மாமி சொன்னபடி காதுக் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். "குடே உதர்ணார்?" என்று கேட்க நான்கு நாள் ஆயிற்று, நாக்கு எழவில்லை. கேட்டபோது அந்தப் பெண்மணி நான் பேசியதற்குச் சிரிக்கவில்லை, "காட்கோபர்" என்றார். எனக்கு அதற்கு முன்பே இறங்க வேண்டும், பயனில்லை. ஆனால் அன்று அவர் நகர்ந்து நான்காவது இடம் கொடுத்தார்.

டிசம்பரில் பச்சைப் பட்டாணி வந்துவிட்டது. அவர் மடியில் துணியை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டே வருவார். ஒரு நாள் ஒன்றும் கேட்காமல் ஒரு கைப்பிடியை எடுத்து நானும் உரிக்கத் தொடங்கினேன். ஊரில் மொச்சை உரித்த கை இது. அவர் என் விரல்களைப் பார்த்தார். பிறகு பையைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. அன்று முலுண்டில் இறங்கும்போது "யேதே" என்றேன். எனக்கே உடல் சிலிர்த்தது.

போன வாரம் மூன்று நாள் அவர் வரவில்லை. முதல் நாள் பெரிதாகத் தோன்றவில்லை. இரண்டாம் நாள் டோம்பிவிலியில் வண்டி கிளம்பும் வரை படியருகே நின்று எட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பெட்டியிலிருந்த ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டேன். தாயி எங்கே, உடம்பு சரியில்லையா, யாரிடமாவது எண் இருக்கிறதா? ஒரு பெண் எண் கொடுத்தாள். கூப்பிட்டேன். மாமியார் விழுந்து இடுப்பில் அடியாம், மருத்துவமனையில் இருந்தார்களாம். "நீ கேட்டாயா?" என்று இரண்டு முறை கேட்டார். அப்போதுதான் மற்றொரு பெண் சொன்னாள், "அக்டோபரில் நீ வராதபோது தாயி எங்களிடம் கேட்டாள், அந்த மதராசிப் பெண் எங்கே என்று. யாரிடமும் உன் எண் இல்லை."

மாமி, நீங்கள் எழுதியிருந்தீர்கள், கவனிக்கவில்லை என்று முடிவு கட்டாதே என்று. நான் மூன்று மாதம் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

இப்போது ஒரு சந்தேகம். சங்கராந்திக்குத் தாயி வீட்டில் மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்திருக்கிறார். இங்கே அன்றைக்குக் கறுப்புப் புடவை கட்டுவார்களாம். அம்மாவிடம் சொன்னேன், "நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பா!" என்று தொலைபேசியிலேயே பதறிவிட்டாள். நான் எள்ளுருண்டை கொண்டுபோக நினைக்கிறேன். எங்கள் வீட்டில் பாகு வைப்பது பாட்டி வேலை, எனக்குப் பக்குவம் தெரியாது. யாராவது சொல்லுங்கள்.

---

காயல் காற்று எழுதியது:

புடவையைக் கட்டுங்கள். அம்மாவுக்குப் படம் அனுப்புங்கள், பழகிவிடுவார்கள்.

---

முலுண்டு மாமி எழுதியது:

ஒரு ஆழாக்கு எள்ளுக்கு முக்கால் ஆழாக்கு வெல்லம். எள்ளை வெடிக்கும் வரை வறுத்துத் தனியே வை. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டினால் உருண்டு வர வேண்டும், தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். உடனே இறக்கி எள்ளைக் கொட்டி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடி. ஆறினால் பிடிபடாது. இங்கே வெள்ளை எள்ளில்தான் செய்வார்கள், வேர்க்கடலையும் கொஞ்சம் உடைத்துப் போடுவார்கள். கறுப்பு எள்ளை வாங்கிவிடாதே.

கறுப்புப் புடவை நல்லதுதான், குளிர் நாளுக்குச் சூடு தரும் என்று இங்கே சொல்வார்கள். மஞ்சள் குங்குமத்தோடு கொடுக்கும் சிறு பாத்திரத்தை வேண்டாம் என்று சொல்லாதே, வாங்கிக்கொள்.

நானும் முப்பது சங்கராந்திக்கு மேல் அப்படிப் போனவள்தான். 2011-இல் அவர் போனபின் யாரும் அழைப்பதில்லை. இது நம் ஊரிலும் உள்ள வழக்கம்தானே, நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹெர்வாட் என்ற கிராமம் 2022-இல் கைம்பெண்களுக்கான சடங்குகளையெல்லாம் நிறுத்தத் தீர்மானம் போட்டது என்று செய்தியில் பார்த்தபோது, தொலைக்காட்சி முன் நின்றபடியே அழுதேன். நாற்பத்தைந்து ஆண்டுகள் இருந்த ஊரில் அந்த ஒரு நாள் மட்டும் நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

---

அரசலாறு எழுதியது:

மாமி, மஞ்சள் குங்குமத்தை ரதசப்தமி வரை எந்த நாளில் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று தாயி சொன்னார். அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் வைக்கிறேன். பெட்டியிலிருந்து ஏழு பேர் வருகிறார்கள், மாடியிலிருந்து மூன்று வீடு. நீங்கள் வர வேண்டும். காயல் அக்கா, நீங்களும், பெண்களை அழைத்துக்கொண்டு. டோம்பிவிலி மேற்குப் பக்கம் இறங்குங்கள், நான் படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறேன். கறுப்புப் புடவையில் இருப்பேன்.